கணிப்பொறி வாசலில் ஒரு கியூ

நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியின் டி.என்.ஏ. தொடர் உங்கள் கையில் இருக்கிறது. அது எந்தக் கிருமி? ஏற்கெனவே தெரிந்த தொடர்களுடன் ஒப்பிட்டால்தான் தெரியும்.

டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட சொல் எனலாம். ஏசிஜிடிஏ, ஏசிடிஏ என்ற இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். இரண்டாவதில் 'சி'க்குப் பின் ஓரிடத்தைக் காலியாக விட்டால், மற்ற எழுத்துகள் நேருக்கு நேர் பொருந்துகின்றன அல்லவா? இதுவே தொடர்ப் பொருத்தம்.

1970-இல் நீடில்மன், வுன்ஷ் என்னும் இருவர் இதைக் கட்டம் போட்டுக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். ஆயிரம் எழுத்துகள் கொண்ட இரு தொடர்களைப் பொருத்தப் பத்து லட்சம் கட்டங்களை நிரப்ப வேண்டும்! சேமிப்பிலோ கோடிக்கணக்கான தொடர்கள் உள்ளன. 1990-இல் வந்த 'பிளாஸ்ட்' குறுக்கு வழி கண்டது. சிறு துண்டுகள் பொருந்தும் இடங்களை முதலில் தேடி, அங்கிருந்து இருபுறமும் நீட்டிப் பார்க்கிறது.

அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் இந்த வசதியை இலவசமாக அளிக்கிறது. உலகெங்கிலுமிருந்து வேலைகள் வந்து குவிந்தால் என்ன ஆகும்? மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்குகள் வரிசையில் இருக்கும், ஒவ்வொன்றாக அரைபடும். இங்கும் அப்படித்தான். வேலையை அனுப்பியதும் ஓர் அடையாள எண் கிடைக்கும். பிறகு அந்த எண்ணைக் கொடுத்து விடையைப் பெறலாம்.

விடை வரத் தாமதமானால், அதே வேலையை மீண்டும் அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள்! பழைய வேலை வரிசையிலேயே இருக்க, புதியது கடைசியில் போய் நிற்கும். உங்கள் அவசரத்தால் வரிசைதான் நீளும். பின்னால் காத்திருப்பது இன்னொரு நோயாளியின் கிருமியாக இருக்கலாம். "முடிந்ததா?" என்று அடிக்கடி கேட்பதும் கணிப்பொறிக்கு ஒரு வேலையே. ஆகவே ஓர் எண்ணைப் பற்றி நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது மையத்தின் விதி.

ஒரு நாளில் நூறு தேடல்களுக்கு மேல் அனுப்புவோரின் வேலைகள் மெதுவான வரிசைக்கு மாற்றப்படும். ஐம்பதுக்கு மேல் தானியங்கியாக அனுப்புவோர் வார இறுதியிலோ, வார நாட்களில் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 9 முதல் காலை 5 மணிக்குள்ளோ அனுப்ப வேண்டும். அந்த இரவு நமக்குப் பகற்பொழுது என்பது ஒரு வசதியே!

சிறு தொடர்கள் பல இருந்தால் ஒரே வேலையாகச் சேர்த்து அனுப்பலாம். மிகப் பல இருந்தால், பிளாஸ்டைச் சொந்தக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம். அப்போது வரிசையும் உங்களுடையது. முதலில் எது என்று தீர்மானிப்பதும் நீங்களே.