வேலை தேடும் தளத்துக்கு உங்களைத் தெரியாது

நிபோங் திபால் வட்டாரத்தில் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், வேலைக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. தமிழ்நாட்டுக்குப் போய், உறவினரையும் ஊர்க்காரரையும் கப்பலேற்றி அழைத்து வந்தார். அவருக்கு ஆளைத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

இன்று அருகிலுள்ள பத்து காவான் தொழிற்பேட்டையில் நூற்றுக்கணக்கான வகை வேலைகள் உள்ளன. ஒருபுறம் காலியிடங்கள், மறுபுறம் வேலை தேடும் இளைஞர்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க நேரமும் செலவும் ஆகிறது. இதை ஆராய்ந்த மூன்று பொருளியலாளர்களுக்கு 2010ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு பொதுமொழி தேவை. மலேசியாவில் அதன் பெயர் மாஸ்கோ. ரஷ்யத் தலைநகர் அல்ல. நாட்டின் தொழில் வகைப்பாட்டுப் பட்டியல். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டைத் தழுவியது. எல்லாத் தொழில்களும் 0 முதல் 9 வரை பத்துப் பெரும் பிரிவுகளில் அடங்குகின்றன. மின்பொறியாளர் 2ஆம் பிரிவு, மின்னியல் டெக்னீஷியன் 3, கட்டடங்களில் வயரிங் செய்பவர் 7, தொழிற்சாலை இயந்திரத்தை இயக்குபவர் 8.

இதனால் நமக்கென்ன? பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்த மாணவர் 'இன்ஜினியர்' என்று மட்டும் தேடினால், நிபோங் திபாலிலேயே இருக்கும் யுஎஸ்எம் பொறியியல் வளாகத்தின் பட்டதாரிகளோடு போட்டியிட வேண்டியிருக்கும். அவருடைய தகுதிக்கேற்ற 3ஆம் பிரிவு வேலைகளோ கண்ணில் படாமலே போகும். அதேபோல், கார் பட்டறையில் பழுது பார்க்கக் கற்றவர், தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பு வேலைக்கும் முயலலாம். தொழிலின் பெயர் வேறு. பழுதைக் கண்டறியும் திறன் ஏறக்குறைய ஒன்றே.

தொழிற்சாலையில் தெரிந்தவர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் காலியிடச் செய்தி வீடு தேடி வரும். அப்படி யாரும் இல்லாதவருக்கு, சொக்சோ நடத்தும் 'மைஃபியூச்சர்ஜோப்ஸ்' தளம் ஒரு வழி. பதிவு இலவசம். ஆனால், தளத்துக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. நீங்கள் எழுதியது மட்டுமே தெரியும். 'கடின உழைப்பாளி' என்ற சொல்லை வைத்து எந்த வேலையோடும் பொருத்த முடியாது. 'மின்சுற்று வரைபடம் படிப்பேன், மல்டிமீட்டரால் சோதிப்பேன், மூன்று மாதம் தொழிற்பயிற்சி பெற்றேன்' என்றால் முடியும்.

மாணவர்களே, ஒரு தாளை எடுங்கள். உங்களால் செய்ய முடிந்த ஐந்து வேலைகளை வினைச்சொற்களாக எழுதுங்கள். பின்னர், அவற்றைக் கேட்கும் மூன்று தொழில்களின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். விண்ணப்பம் எழுதுவதை அதற்குப் பிறகு தொடங்கலாம்.