குதிரையின் வயிற்றுவலிக்கு நாடாப்புழுவும் காரணம்

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிறு வலித்தால் தரையில் விழுந்து புரளும். குடல் அடைத்துக்கொண்டால் சில வேளைகளில் அறுவை சிகிச்சை தேவைப்படும், தவறினால் உயிர் போய்விடலாம்.

இந்நோயின் காரணங்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கிறிஸ்டோபர் புரூட்மன். நாடாப்புழுவை அதற்கு முன்பு பலரும் பெரிதாக எண்ணவில்லை. புல்லில் ஒட்டியிருக்கும் மிகச்சிறிய உண்ணிகளைக் குதிரை மேயும்போது சேர்த்து விழுங்கிவிடுகிறது. அவற்றின் வழியே உள்ளே போகும் புழு, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் குறுகலான இடத்தில் கூட்டமாக ஒட்டிக்கொள்கிறது. அடைப்பு வர அதைவிட வசதியான இடம் வேறு எது?

1998-இல் புரூட்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏற்பட்ட அடைப்புகளில் 81 விழுக்காடும், இசிவு வகை வயிற்றுவலிகளில் 22 விழுக்காடும் இப்புழுவோடு தொடர்புடையவை. அதாவது, உரிய புழு மருந்து கொடுத்தே பல குதிரைகளைக் காப்பாற்றலாம்.

பின்னர் அவர் சர்ரே பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியின் முதல் தலைவரானார்.