பெடல் மிதித்து ஓடும் வியாபாரம்

வியாபாரப் பக்கத்தில் சைக்கிளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். லொறி, வேன், லீசிங் தவணை என்று பேசினால்தான் வியாபாரம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை 2022ஆம் ஆண்டு கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. அவ்வருடம் ஜூன் 26ஆம் திகதி ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவானது. அதையடுத்த நாட்களில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கினார்கள்.

நான் காத்தான்குடியிலிருந்து மிளகாய்த்தூள், மல்லித்தூள், தேயிலை ஆகியவற்றைப் பக்கற்றாக்கிச் சில்லறைக் கடைகளுக்குப் போடுபவன். ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் என்று எனது லைனில் முப்பது கடைகள். உள் வீதிகளில் வளைந்து திரும்புவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீற்றர் ஆகிவிடும். எனது மோட்டார் சைக்கிள் சுமையுடன் லீற்றருக்கு 35 கிலோமீற்றரைத் தாண்டாது. வீட்டுத் தேவைக்கு ஓடியது போக, கிடைத்த 4 லீற்றரில் லைனுக்கு மூன்று நாள் போனாலே பெரிய காரியம்.

இதில் விற்பனை குறைவது ஒரு பக்கம். மறுபக்கம் பற்று. கடைகளில் நிற்கும் எனது காசு மூன்று இலட்சத்துக்கு மேல். இரண்டு வாரம் முகம் காட்டாத விநியோகஸ்தரின் பற்று எப்படி வசூலாகும் என்பதை லைன் போகும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் வேறொருவரின் பக்கற் தொங்கத் தொடங்கிவிடும். அதற்குமேல் ஒரு விடயமும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின் பல மாதங்கள், எங்கள் ஊர்ப் பொருள் என்றாலே வாங்கத் தயங்கிய கடைகள் அந்த வீதியில் இருந்தன. ஒவ்வொரு கடையாக மீண்டும் ஏறி இறங்கிக் கட்டிய உறவு அது. பெற்றோல் இல்லை என்ற காரணத்துக்காக அதை விட மனம் வரவில்லை. மர்ஹூம் வாப்பாவின் ஹம்பர் சைக்கிள் களஞ்சிய அறையிலிருந்து வெளியே வந்தது அப்படித்தான்.

அந்தப் பழைய வண்டிகளைக் கேலி செய்பவர்கள் சில்லுக் கம்பிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ராலி, ஹம்பர் போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி. சுமை பின்னால்தான் வரும் என்று தெரிந்து செய்தவர்கள். இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் மவுண்டன் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு சில்லுக்கும் 36தான். பார்க்க முரடாக இருக்கும். ஆனால் கரியரில் நாற்பது கிலோ ஏற்றிக் குழியில் இறக்கினால் பின்சில்லில் கம்பி தெறிக்கும். ஒன்று தெறித்தால் சில்லு ஆட்டம் காணும். அதைக் கவனியாமல் ஓடினால் பக்கத்துக் கம்பிகளும் வரிசையாகப் போகும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகும்போது காற்று இருப்பதே தெரியாது. ஜூன், ஜூலையில் கச்சான் அடிக்கும் நாட்களில் பெடல் மிதித்துப் பார்த்தால் தெரியும். கிரான்குளம் தாண்டியதும் வீதி முழுக்க யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். ஆகவே சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டு, காற்று எழும்புமுன் தூரத்துக் கடைகளை முடித்துக்கொண்டு, ளுஹருக்குள் திரும்பிவிடுவேன். கடைக்காரர்களுக்கும் அது வசதி. காலையில் கல்லாவில் நேற்றைய காசு இருக்கும். பத்து மணிக்குப் பின் பாண்காரர், மீன்காரர், சோடா வேன் என்று ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மோட்டார் சைக்கிளில் போன காலத்தைவிட சைக்கிளில் போன மாதங்களில்தான் எனக்கு வசூல் நன்றாக இருந்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

இடது பெடல்

அந்த ஓகஸ்டில் ஒரு நாள் குருக்கள்மடத்துக்கு அண்மையில் இடது பெடல் காலோடு கழன்று வந்தது. சுமையோடு வீதியோரம் சாய்ந்ததில் முழங்கால் உரசியதைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். மல்லித்தூள் பக்கற்றுகளில் பத்துப் பன்னிரண்டு வெடித்துப் போயின. இரண்டு நாளைக்கு முன் ஒரு திருத்துமிடத்தில் புதுப் பெடல் மாற்றியிருந்தேன். கழன்று வந்ததைப் பார்த்தபோது காரணம் கையிலேயே இருந்தது. புரியெல்லாம் சிராய்ந்து கிடந்தது.

சைக்கிளின் இரண்டு பெடலும் ஒரே மாதிரித் தெரிந்தாலும் புரி வேறு. வலது பெடல் வழமையான புரி. இடது பெடல் எதிர்ப்புரி. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். தண்டின் நுனியில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் வலதை இடதில் வைத்து ஸ்பெனரால் திணித்தால் முதல் சில சுற்று ஏறும், பிறகு கிராங்கின் புரியைத் தின்றுவிடும். பெடல் சில நூறு ரூபாவோடு முடிகிற விடயம். கிராங்க் அப்படியல்ல, பழைய வண்டிக்குத் தேடி அலைய வேண்டும். நினைவில் வைக்க இலகுவான வழி ஒன்று உண்டு. 15 மில்லிமீற்றர் ஸ்பெனரைப் பெடல் தண்டில் மேல்நோக்கி நிறுத்துங்கள். முன்சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சில்லுப் பக்கம் தள்ளினால் கழரும். எந்தப் பக்கத்துப் பெடலுக்கும் இதே கணக்குத்தான்.

பெடலைக் கையில் பிடித்தபடி வண்டியை உருட்டிக்கொண்டு போன என்னை முதலில் கண்டவர் வீதியோரம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு வயோதிபத் தாய். எனது லைனில் இல்லாத கடை. "என்ன மனே, பெடலக் கையில தூக்கிட்டு வாறீங்க?" என்றார். தண்ணீர் தந்தார். பேரனை அனுப்பி, நெசவுக்கு நூல் ஏற்றும் ஒருவரின் வண்டியிலிருந்து பழைய கிராங்க் ஒன்றைக் கழற்றி எடுப்பித்தார். அதன் கொட்டர் பின் தேய்ந்திருந்ததால் வீடு வரும்வரை ஒவ்வொரு மிதிக்கும் "டக்" என்று ஒரு சத்தம். போகட்டும். அந்தப் பெட்டிக்கடைதான் இன்று எனது முப்பத்தோராவது கடை. வாரம் இருபது பக்கற், ரொக்கம். பற்றே கிடையாது.

உதிரிப்பாகம் விற்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 26 அங்குல டயர் என்று கேட்பவருக்கு எதையாவது எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. சாதாரண வண்டியின் 26 x 1 3/8 டயரும், மவுண்டன் சைக்கிளின் 26 x 1.75 டயரும் பெயரில்தான் ஒன்று. முதலாவது உட்காரும் ரிம் 590 மில்லிமீற்றர் விட்டம், இரண்டாவது 559. ஒன்றுக்கு மற்றொன்று ஒருபோதும் சேராது. டயரின் பக்கவாட்டில் இந்த எண்களும் அச்சிட்டிருக்கும். மூன்று அங்குல எண்ணைக் கேட்பதைவிட இந்த மில்லிமீற்றர் எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. 2022இல் களஞ்சியத்தில் கிடந்த சைக்கிளெல்லாம் வீதிக்கு வந்தபோது, சேராத டயரை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் சண்டைக்கு வந்தவர்களை எத்தனையோ கடைகளில் கண்டேன்.

மாரி மழையும் பிரேக்கும்

நான் சொல்லத் தயங்கிய பகுதி இதுதான். வேலை கூடியதால் நாவற்குடா, கல்லடிப் பக்கத்துக்கு ஒரு தம்பியைச் சைக்கிளில் அனுப்பினேன். பதினெட்டு வயது தாண்டியவன், வண்டி நன்றாக ஓடுவான். டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது முன்னால் போன முச்சக்கர வண்டி சமிக்ஞை இல்லாமல் உள் வீதிக்குத் திரும்பியது. தம்பி பிரேக் பிடித்தான். நிக்கல் பூசிய இரும்பு ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வரண்ட நாளில் நிற்கும் தூரத்தைப்போல பல மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். பின்னால் கரியரில் சுமை வேறு. மணிக்கட்டு முறிந்தது. முச்சக்கர வண்டிக்காரர் நிற்கவேயில்லை.

ஆறு வாரம் கையில் கட்டு. தாயும் இரண்டு தங்கைகளும் அவனது சம்பளத்தில் இருப்பவர்கள். சம்பளத்தைக் குறையாமல் கொடுத்தேன், வைத்தியச் செலவையும் பார்த்தேன். அப்போது சந்தையில் ஒரு முதலாளி என்னிடம், "சைக்கிள்ல விழுந்ததுக்கெல்லாம் நீங்க ஏன் கொடுக்கிறீங்க காக்கா? லைசன்ஸ் இல்லாத வண்டி, இன்சூரன்ஸும் இல்ல" என்று கேட்டார். பலரின் நினைப்பும் இதுதான். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. அவன் ஓடியது லொறியா சைக்கிளா என்பது அங்கே கேள்வியல்ல. சட்டம் ஒரு புறமிருக்க, அவனது உம்மாவின் முகத்தைப் பார்த்துக் கணக்குப் பேச எனக்கு இயலாது.

கியூ.ஆர். முறை 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி நிறுத்தப்பட்டபோது மோட்டார் சைக்கிளை மீண்டும் முழுதாக லைனுக்குத் திருப்பலாமா என்று கொப்பியை எடுத்து வைத்துக் கூட்டினேன். டயர், டியூப், செயின், ஒட்டுப் போட்ட செலவு, வெடித்த பக்கற்றுகள், தம்பியின் ஆறு வாரச் சம்பளம் எல்லாவற்றையும் சைக்கிள் பக்கம் எழுதினேன். அப்படியும் பெற்றோல், ஒயில், சேவிஸ் செலவில் மிஞ்சிய தொகை கொஞ்சம் கூடத்தான் நின்றது. மிக அதிகம் என்று சொல்ல மாட்டேன். தம்பிக்கு இன்னும் பெரிதாக ஏதும் ஆகியிருந்தால் அந்தக் கணக்கே தலைகீழாகியிருக்கும்.

இப்போது செட்டிபாளையத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிள். கிரான்குளம் வரைக்கும் ஹம்பர்தான். தம்பி பழையபடி கல்லடிப் பக்கம் போகிறான். அலுமினிய ரிம்மும் புதுப் பிரேக் கட்டையும் போட்ட வண்டி, 25 கிலோவுக்கு மேல் சுமை இல்லை, பின்னால் சிவப்பு லைட். மழை பிடித்தால் எந்தக் கடையிலாவது ஒதுங்கி நின்று எனக்குக் கோல் எடுப்பான். அன்றைய மீதிக் கடைகள் மறுநாளைக்கு.