டீசல் சரக்குந்துகளின் பழுதுக் குறியீடு

பழுதுக் குறியீடு என்பது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி தான் கண்ட முரண்பாட்டைத் தன் நினைவகத்தில் பதிந்துவைக்கும் சுருக்கக் குறி ஆகும். ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவ விளக்கு எரிவது, இத்தகைய குறியீடு பதிவாகியுள்ளதற்கான வழக்கமான அடையாளம். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று குறியீடு கூறுவதில்லை. எந்த மின்சுற்றில் அல்லது எந்த அளவீட்டில் முரண்பாடு தோன்றியது என்பதையே கூறுகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் விலையுயர்ந்த பாகங்களை மாற்றி ஏமாறுவோர் பலர்.

குறியீட்டின் அமைப்பு

சிறிய சரக்குந்துகளில் கார்களைப் போன்றே ஐந்து இடக் குறியீடுகள் காணப்படுகின்றன. 'பி' என்று தொடங்குபவை எஞ்சினையும் கியர் பெட்டியையும் சார்ந்தவை. அடுத்த இலக்கம் 0 எனில் அது எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவானது. 1 எனில் குறிப்பிட்ட தயாரிப்பாளருக்கே உரியது.

பெரிய சரக்குந்துகள் எஸ்ஏஇ ஜே1939 என்னும் தரத்தைப் பின்பற்றுகின்றன. இதில் ஓர் எண் எந்த அளவீடு என்பதையும், மற்றோர் எண் அது எவ்வாறு தவறியது என்பதையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 110 என்பது குளிர்நீரின் வெப்பநிலை. அதனுடன் 0 வந்தால் நீர் மிகையாகச் சூடேறியுள்ளது. வண்டியை உடனே நிறுத்த வேண்டும். அதே 110 உடன் 4 வந்தால், உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் இருக்கவேண்டிய அளவிற்குக் கீழே உள்ளது என்று பொருள். அப்போது நீர் சூடேறாமலேயே இருக்கலாம். உரசித் தேய்ந்த கம்பி ஒன்றே காரணமாகலாம். முதல் எண்ணை மட்டும் படித்து இரண்டாவதை விட்டுவிடுவது பயனற்றது.

குறியீட்டைப் படித்தல்

பொதுவாக, ஓட்டுநர் இருக்கைப் பகுதியிலுள்ள இணைப்பியில் படிப்பான் கருவியைச் செருகிக் குறியீடுகளைப் பெறலாம். பெரிய சரக்குந்துகளில் இவ்விணைப்பி வட்ட வடிவில் ஒன்பது முனைகளுடன் இருக்கும். சில வண்டிகளுக்குக் கருவியே தேவையில்லை. 1998 நடுப்பகுதி முதல் 2002 வரை வெளிவந்த, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய டாட்ஜ் ராம் வண்டியில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மூன்று முறை விரைவாக 'ஆன்' நிலைக்குத் திருப்பி, மூன்றாம் முறை அப்படியே விட்டால், ஓடிய தொலைவைக் காட்டும் இடத்திலேயே குறியீடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்.

பி0216: ஓர் எடுத்துக்காட்டு

இவ்வண்டிகளில் அச்சத்துடன் பேசப்படும் குறியீடு பி0216. டீசலைச் செலுத்த வேண்டிய நேரத்திற்கும், உண்மையில் செலுத்தப்பட்ட நேரத்திற்கும் பொருத்தமில்லை என்பது இதன் பொருள். பாஷ் நிறுவனத்தின் விபி44 உட்செலுத்து பம்பினுள் நேரத்தை முன்பின்னாக நகர்த்தும் உந்துதண்டு தேய்ந்திருப்பது இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே பம்பை மாற்றிவிடுவர். ஆனால் அப்பம்பிற்கு உள்ளே ஓடும் டீசலே மசகு, டீசலே குளிர்விப்பான். தொட்டியிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் சிறிய ஊட்டு பம்ப் வலுவிழந்தால், விலைமிகுந்த உட்செலுத்து பம்ப் வறண்டு தேய்கிறது. ஊட்டு பம்பைச் சோதிக்காமல் புதிய விபி44 பொருத்தினால் அதற்கும் அதே கதிதான். எஞ்சின் சுமையின்றி ஓடும்போது ஊட்டு அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டுக்குக் குறையக்கூடாது என்பது பழுதுபார்ப்போர் கைக்கொள்ளும் அளவு. இதை ஓர் எளிய அழுத்தமானியே காட்டிவிடும், குறியீடு காட்டாது.

குறியீட்டை அழித்தல்

அழிப்பது பழுதுநீக்கம் அன்று. படிப்பான் கருவியால் அழிக்கும்போது, பழுது தோன்றிய கணத்தில் பதிவான எஞ்சின் வேகம், சுமை, வெப்பநிலை ஆகியவையும் அழிகின்றன. விட்டுவிட்டு வரும் பழுதிற்கு இவையே சிறந்த தடயங்கள். ஆதலால் முதலில் அனைத்தையும் தாளில் எழுதிக்கொண்டு, பழுதை நீக்கி, அதன் பின்னரே அழித்தல் வேண்டும். பழுது நீங்காதிருந்தால் குறியீடு மீண்டும் தோன்றும். கம்பி அறுந்தது போன்றவை சில நொடிகளிலேயே திரும்பிவிடும்.

மின்கலத்தைக் கழற்றி அழிக்கும் பழைய வழக்கம் பல புதிய வண்டிகளில் பலிப்பதில்லை. மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைத்திருக்கும் நினைவகத்தில் அவை குறியீடுகளைச் சேமிக்கின்றன. மேலும், அமெரிக்காவில் 2010 மாதிரி ஆண்டு முதல் படிப்படியாக நிலையான குறியீடுகள் என்ற வகை புகுத்தப்பட்டது. இவற்றை எக்கருவியாலும் அழிக்க இயலாது. வண்டி ஓடும்போது கணினி தானே சோதித்து, பழுது இல்லை என்று கண்ட பின்னரே அவை நீங்கும்.