எவ்வளவு குறைப்பது?

மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் காலையில் உலாவுவோர் பேச்சில், "தினம் 500 கலோரி குறை" என்னும் மந்திரம் அடிபடுகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் போட்ட கணக்கின்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் 65 கிலோ ஆடவருக்கு 2,110 கலோரி வேண்டும். 55 கிலோ ஸ்திரீக்கு 1,660. எடைக்கேற்ப இது சற்று மாறும். கணவரின் மந்திரத்தை மனைவியும் ஜபித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 1,160 தானே! அந்தப் பட்டினி எத்தனை நாள் நிற்கும்? பதினைந்தாம் நாள் பஜ்ஜித் தட்டு ஜயித்துவிடும்.

மூன்று வேளைக் காப்பியில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டால் 120 கலோரி, இரண்டு தேக்கரண்டி நெய்யை விட்டால் 90. இந்த 210-க்கு ஆரம்பத்தில் மாதம் முக்கால் கிலோ இறங்கலாம். பிறகு வேகம் தளரும். நீரிழிவுக்கு மருந்துண்போர் வைத்தியரைக் கேட்ட பிறகே தொடங்கவேண்டும்.