ஆற்றைக் குளிரவைக்கும் புகை

கிளமாத் ஆற்றைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அணைகளுக்காக. ஆனா மாட்டிக்கிட்டது தீயில்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிளம்பி, வடக்குக் கலிபோர்னியா வழியாகப் பசிபிக்கில் சேரும் ஆறு இது. கரூக், யுரோக் முதலிய பழங்குடிகளின் பள்ளத்தாக்கு. சால்மன் மீனும் ஓக் மரத்துக் கொட்டையும்தான் அவர்களுடைய பழைய சாப்பாடு.

இந்த மக்கள் காட்டுக்கு வேண்டுமென்றே தீ வைப்பார்கள். மரத்தை விழுங்கும் தீ இல்லை. தரையோடு தவழ்ந்து சருகையும் புதரையும் தின்னும் சின்னத் தீ. ஓக் மரத்தடியில் வைத்தால், உதிர்ந்த சொத்தைக் கொட்டைக்குள் இருக்கும் வண்டுப் புழு சாகும். ஹேசல் புதரை எரித்தால், ஒன்றிரண்டு வருஷத்தில் பக்கக் கிளை இல்லாத நேரான குச்சிகள் கிளம்பும். கூடை முடைய அதுதான் வேணும். எரிக்காத புதரின் கோணல் குச்சி உதவாது. குழந்தையை வைத்துத் தூக்கும் கூடைகூட இந்தக் குச்சியில்தான்!

இதெல்லாம் எனக்கு ஓரளவு புரிந்தது. நம்ப முடியாமல் போனது புகை விஷயம். கோடையில் தண்ணீர் சூடேறினால் சால்மன் திணறும், நோய் பிடிக்கும். பள்ளத்தாக்கில் புகை தங்கினால் வெயில் மட்டுப்பட்டு ஆறு குளிரும் என்பது கரூக் மக்களின் பழைய அறிவு. நம்பிக்கை சார்ந்த பேச்சுன்னுதான் முதலில் நினைத்தேன். 2018இல் வந்த ஓர் ஆய்வு, காட்டுத்தீப் புகையைக் காட்டும் செயற்கைக்கோள் பதிவுகளையும் ஆற்று நீரின் வெப்ப அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. புகை மூடிய நாட்களில் தண்ணீர் உண்மையாகவே குளிர்ந்திருந்தது.

1850லேயே கலிபோர்னியா சட்டம், புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்றது. அடுத்து வந்த வனத்துறை, எந்தத் தீயானாலும் அணை என்றது. நூறு வருஷம் சருகு சேர்ந்தது. எங்க தொழிலில் இதை 'டெக்னிக்கல் டெப்ட்' என்போம். இன்றைக்குத் தள்ளிப்போட்ட வேலை வட்டியோடு திரும்பி வரும். 2020 செப்டம்பரில் ஸ்லேட்டர் தீ வந்தது. வறட்சியும் பேய்க்காற்றும் சேர்ந்துகொண்டது உண்மைதான். ஹேப்பி கேம்ப் ஊரில் கரூக் குடும்பங்கள் பலவும் வீடிழந்தன. எரிக்கத் தெரிந்தவர்களின் கையைக் கட்டிப்போட்டதற்கு அவர்களே விலை கொடுத்தார்கள்.

அணைக் கதை ஓரளவு நல்லபடி முடிந்தது. பழங்குடிகள் இருபது வருஷத்துக்கும் மேல் போராடி, 2024இல் நான்கு அணைகளும் இடித்து முடிக்கப்பட்டன. அதே அக்டோபரில் சால்மன் ஒரிகன் வரை ஏறிவிட்டது, நூறு வருஷத்துக்கு அப்புறம்.

தீ விஷயம் மெதுவாகத்தான் நகருது. 2021இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது: மரபுப்படி தீ வைப்பவரின் கை மீறித் தீ பரவினாலும், பெரிய அலட்சியம் இல்லாதவரை, அணைத்த செலவை அவர் தலையில் கட்டக்கூடாது.