அகலம் மிகுந்தால் வேகம் மிகுமோ?

காஞ்சி மாநகரை அடுத்துப் பாலாற்றங்கரை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது எமது செவிலிமேடு. விடியற்காலையில் நெசவாளர் தெருவிற் புகுவோர், பட்டுப் பாவுகள் நெடுக விரிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். ஒருவர் தெருவின் அகலம் முழுவதையும் தமதாக்கிக் கொள்வாராயின், ஏனையோர் காத்து நிற்பதன்றி வேறு வழியில்லை. வீட்டு வைஃபையின் இயல்பும் இத்தகையதே என்பதைச் சென்ற விடுமுறையிற்றான் யாம் உணர்ந்தோம்.

எம் சிறிய தந்தையார், புடவையின் கரையையும் முந்தியையும் கைப்பேசியிற் காட்டியே வெளியூர் வணிகரிடம் விலை பேசுவர். ஒருநாள் மாலை, பேச்சின் நடுவே படம் உறைந்தது, குரலும் அறுபட்டது. வாங்க இருந்தவர் வேறிடம் நாடினார். பல நாள் உழைப்பில் நெய்த புடவை மடித்தபடியே பெட்டிக்குள் மீண்டது. குற்றம் யாருடையது என ஆராய்ந்தபோது, அஃது எம்முடையதே எனக் கண்டோம். வேகம் மிகும் என்றெண்ணி, ரூட்டரின் சேனல் அகலத்தை 20-லிருந்து 40 ஆக்கியவர் யாமே!

சேனல் அகலம் என்பது யாது? ரேடியோ அலைகளிற் செய்தி செல்லும் வழியின் விரிவே அஃது. 20, 40, 80, 160 என மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அதனை அளப்பர். அகலம் இரட்டித்தால், செல்லத்தக்க செய்தியின் அளவும் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆயினும், வழி வெறுமையாய் இருந்தாலன்றி இப்பயன் கைகூடாது. இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, அண்டை வீட்டார். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் மொத்த விரிவு 83.5 மெகாஹெர்ட்ஸே. அதில் 13 சேனல்கள் எண்ணிடப்பட்டுள்ளன. எனினும், அவற்றிடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியே உண்டாதலின், ஒன்றன்மேல் ஒன்று படியும். 20 அகலத்தில் 1, 6, 11 என்னும் மூன்றும் தம்முள் மோதா. 40 அகலம் கொண்டாலோ ஒரு வீடே ஏறத்தாழப் பாதியைக் கவர்ந்துவிடும். வைஃபைக் கருவி, பேசுமுன் செவிசாய்க்கும் வழக்கமுடையது. அகன்ற வழியின் ஒரு பகுதியில் பிறர் பேசினும், அது காத்திருத்தல் வேண்டும்; அன்றேல் குறுகிய வழியே செல்லல் வேண்டும்.

இரண்டாவது, ஆற்றல். அகலம் மிகுந்தாலும் ரூட்டர் வெளியிடும் ஆற்றல் மிகுவதில்லை. ஒரே அளவு சரிகையை இருமடங்கு அகலத்திற் பரப்பினால் அதன் ஒளி மங்குமன்றோ? அவ்வாறே அலையும் மெலியும். உடன்வரும் இரைச்சலோ இருமடங்காகும். எனவே, முன்னறையில் நன்கு கிடைப்பது தறி உள்ள பின்னறையை எட்டாது.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் மிகுதி. 2018-ஆம் ஆண்டின் அரசாணையால் அங்கு 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைத்தது. ஆயினும் அவ்வலை சுவர்களை ஊடுருவுவதில் வலி குறைந்தது. 160 அகலமுள்ள முழு வழிகளும் அங்கு இரண்டே அடங்கும்.

ஆதலின், யாம் கண்ட முறை இதுவாம்: 2.4 பகுதியில் 20 அகலமே கொள்க. 1, 6, 11 என்பவற்றுள் நெருக்கம் குறைந்ததைத் தேர்க. 5 பகுதியில், வீடுகள் நெருங்கிய தெருவாயின் 40. அண்டையார் குறைந்து, கருவியும் அருகிருப்பின் 80. வீட்டிற்கு வரும் இணைப்பே நொடிக்கு 40 மெகாபிட்டாயின், வைஃபையின் வழியை எத்துணை அகற்றினும் வெளியிலிருந்து அதனினும் மிகுதியாக வாராது என்பதையும் நினைவிற் கொள்க. முகம் பார்த்துப் பேசுதற்குச் சில மெகாபிட்டே போதும். அவை இடையறாது வருதலே வேண்டுவது.

யாம் அகலத்தை மீண்டும் 20 ஆக்கி, 11-ஆம் சேனலைத் தேர்ந்தோம். அடுத்த மாலை, சிறிய தந்தையார் தறியருகே அமர்ந்தபடியே ஒரு புடவையை முழுவதும் விரித்துக் காட்டினார், படம் நிற்கவில்லை. அண்டை வீட்டுச் சிறுவனும் தன் பாடம் தடையின்றி வருவதாகக் கூறினான். அவன் இடர்ப்பாட்டிற்கும் யாமே காரணராய் இருந்தோம் என்பதை அப்பொழுதுதான் அறிந்து நாணினோம். தெருவைப் பகிர்ந்து பாவு விரிக்கும் எம் ஊரார்க்கு இஃது ஒரு புதிய பாடமன்று; யாமே அதனை மறந்திருந்தோம்.